பாதிப் பச்சை என்று ஒரு செல்லும் இல்லை: லாக் ஓப்பரான் மாதிரி குறித்து

கேள்வி | மார்ச் 3

முதுகலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஈ.கோலை பாக்டீரியாவின் லாக் ஓப்பரானுக்கு (லாக்டோஸ் சர்க்கரையைக் கையாளும், ஒன்றாகத் திறந்து மூடும் மரபணுத் தொகுதி) 3 வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஒரு கணித மாதிரி எழுதியிருக்கிறேன். அந்த ஓப்பரானின் தொடக்கிப் பகுதியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்த செல்களை, ஓப்பரானைத் திறக்கும் டிஎம்ஜி என்ற பொருளின் வெவ்வேறு அளவுகளில் வளர்த்து, ஒளி அளவியில் கிடைத்த எண்களோடு ஒப்பிட்டேன். கோடு புள்ளிகளின்மேல் அச்சாக உட்காருகிறது. ஆனால் நடுத்தர டிஎம்ஜி உள்ள குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், சில செல்கள் முழுப் பச்சை, மற்றவை முழு இருட்டு. மாதிரி சொல்லும் பாதிப் பச்சை ஒரு செல்லில்கூட இல்லை. "அது வெறும் இரைச்சல், சராசரி பொருந்தினால் போதும்" என்கிறார்கள். போதுமா?

மார்ச் 3, இரவு 11.20

போதாது. உங்கள் கண்ணை நம்புங்கள்.

ஒரு தெருவில் பாதி வீடுகளில் விளக்கு முழுதாக எரிகிறது, மீதி வீடுகளில் மின்சாரமே இல்லை. தெருமுனை மின்மாற்றியின் மீட்டரை மட்டும் பார்த்தவர் "எல்லா வீட்டிலும் வோல்டேஜ் குறைவு" என்று எழுதிவைத்தால், அவர் எழுதிய எண் சரி, சொன்ன செய்தி தவறு. அதை நம்பி வரும் மின் ஊழியர் தவறான இடத்தில்தான் பழுது தேடுவார். ஒளி அளவி காட்டுவது மின்மாற்றியின் மீட்டரை. ஒரு குழியில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன, அவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது.

நீங்கள் பார்த்ததை முதலில் சொன்னவர்கள் ஆரன் நோவிக்கும் மில்டன் வெய்னரும், 1957-இல். ஒளிர்புரதம் அவர்களிடம் இல்லை, தனிச் செல்லைப் பார்க்கும் வசதியும் இல்லை. நொதியின் மொத்த அளவு மெல்ல மெல்ல உயர்வதைத்தான் அளந்தார்கள். அப்படியிருந்தும், உயர்வது ஒவ்வொரு செல்லின் அளவு அன்று, முழுதாகத் திறந்துகொண்ட செல்களின் எண்ணிக்கை என்று வாதிட்டு நிறுவினார்கள். இருட்டில் கையால் தடவி யானையை அடையாளம் கண்ட வேலை அது. உங்களுக்கோ கண்ணெதிரே படம் இருக்கிறது.

இரைச்சல் என்று சொல்லி ஒதுக்கவே வேண்டாம். இரைச்சலாக இருந்தால் செல்கள் சராசரியைச் சுற்றிச் சிதறி நிற்கும். இரண்டு குவியலாகப் பிரிந்து, நடுவே வெற்றிடம் விட்டு நிற்காது.

உங்கள் 3 சமன்பாடுகளும் எவை?

மார்ச் 4, காலை 6.50

பதில் பார்த்தேன். முதலாவது தூது ஆர்என்ஏ, இரண்டாவது பீட்டா காலக்டோசிடேஸ் (லாக்டோஸை உடைக்கும் நொதி), மூன்றாவது ஒளிர்புரதம். செல்லுக்குள் இருக்கும் டிஎம்ஜியும் வெளியே இருக்கும் டிஎம்ஜியும் சமம் என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

அங்கேதான் எல்லாம் போய்விட்டது. பெர்மியேஸ் எங்கே?

மார்ச் 4, பிற்பகல் 1.30

காலையில் அவசரத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஓப்பரானின் அழகே அந்த ஒரு புரதத்தில் இருக்கிறது.

ஓப்பரானில் 3 மரபணுக்கள். லாக்-இசட் தருவது சர்க்கரையை உடைக்கும் நொதி. லாக்-ஒய் தருவது பெர்மியேஸ், அதாவது செல்லின் சவ்வில் உட்கார்ந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதம். லாக்-ஏ இப்போதைக்கு வேண்டாம். மூன்றும் ஒரே தூது ஆர்என்ஏவிலிருந்து வருகின்றன. இவற்றை அடைத்து வைப்பது லாக்-ஐ தரும் ஒடுக்கிப் புரதம். இந்த அமைப்பை ழாக்கோப்பும் மொனோவும் 1961-இல் முழுமையாக எழுதினார்கள். ஒடுக்கியைக் கையில் பிடித்துக் காட்டியவர்கள் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும், 1966-இல்.

டிஎம்ஜி ஒடுக்கியோடு ஒட்டிக்கொண்டால் ஒடுக்கி டிஎன்ஏவை விட்டு விலகும், ஓப்பரான் திறக்கும், பெர்மியேஸ் உருவாகும். பெர்மியேஸ் என்ன செய்யும்? இன்னும் அதிக டிஎம்ஜியை உள்ளே இழுக்கும். அது இன்னும் அதிக ஒடுக்கிகளை விலக்கும். கதவு திறந்தால் கதவைத் திறக்கும் ஆளே உள்ளே வருகிறார். இதுதான் நேர்ப் பின்னூட்டம். உள்ளும் வெளியும் சமம் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி இந்தச் சுழற்சியை அறுத்துவிட்டது. எஞ்சியது நேர்வழிப் பாதை. நேர்வழிப் பாதையில் படிப்படியான ஏற்றம்தான் வரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: உங்கள் மாதிரி தவறான மாதிரி அன்று. அது வேறொரு செல்லின் சரியான மாதிரி. லாக்-ஒய் நீக்கப்பட்ட ஈ.கோலையை எடுத்துக்கொண்டு, பெர்மியேஸ் இல்லாமலேயே உள்ளே நுழையக்கூடிய ஐபிடிஜி என்ற இன்னொரு தூண்டுபொருளைக் கொடுத்தால், செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், படிப்படியாக ஒளிரும். அந்தச் செல்லுக்கு உங்கள் சமன்பாடுகள் அப்படியே பொருந்தும். உங்கள் சோதனைக்குழாயில் இருப்பது அந்தச் செல் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5, இரவு 9.45

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கணினியைத் திறக்கும் முன்னால் ஒரு வரைதாள் எடுங்கள்.

கிடைமட்டத்தில் செல்லுக்குள் இருக்கும் டிஎம்ஜி. செங்குத்தில் பெர்மியேஸ் உருவாகும் வேகம். டிஎம்ஜி குறைவாக இருக்கும்போது ஒடுக்கி கெட்டியாகப் பிடித்திருப்பதால் வேகம் அடிமட்டம். ஓர் எல்லை தாண்டியதும் விருட்டென்று ஏறி, பிறகு உச்சத்தில் தட்டையாகும். சாய்ந்த எஸ் எழுத்து போன்ற வளைவு. அதே தாளில் பெர்மியேஸ் குறையும் வேகத்தை வரையுங்கள். செல் வளர்ந்து பிரியும்போது புரதம் நீர்த்துப்போகிறது, ஆகவே அது ஒரு நேர்க்கோடு. வெளியே இருக்கும் டிஎம்ஜியின் அளவு இந்தக் கோட்டின் சாய்வை மாற்றும்.

இரண்டும் வெட்டும் இடங்களே செல் தங்கி நிற்கக்கூடிய நிலைகள். வெளியே டிஎம்ஜி மிகக் குறைவு என்றால் கீழே ஒரு வெட்டு. மிக அதிகம் என்றால் மேலே ஒரு வெட்டு. நடுத்தர அளவில் 3 வெட்டுகள். அவற்றில் நடுவில் இருப்பது மலைமுகட்டில் வைத்த உருளைக்கல், அங்கே எந்தச் செல்லும் நிற்காது. நீங்கள் நுண்ணோக்கியில் தேடிக் காணாத பாதிப் பச்சை அந்த நடுப்புள்ளியின் அருகில்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு எண். ஒடுக்கியைச் செயலிழக்கச் செய்வதில் ஹில் குணகம் (வளைவு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் எண்) 2 என்று எடுத்துக்கொண்டால், ஓப்பரான் முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள உற்பத்திக்கும் முழுதாக அடைந்திருக்கும்போது உள்ள கசிவுக்கும் விகிதம் 9-க்கு மேல் இருந்தால் மட்டுமே 3 வெட்டுகள் சாத்தியம். அதற்குக் கீழே எந்த டிஎம்ஜி அளவிலும் ஒரே வெட்டுதான். நான் இதை நம்பாமல் 2 பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வர்க்கமூலம் 3-க்கு மேல் போக வேண்டும் என்று கச்சிதமாக வந்து நின்றது. இயல்பான லாக் ஓப்பரானில் இந்த விகிதம் 9-ஐ விட மிகப் பெரியது. குணகம் 1 என்றால் விகிதம் எவ்வளவு பெரிதானாலும் 2 நிலைகள் வாரா. நீங்களும் போட்டுப் பாருங்கள், பள்ளி இயற்கணிதம் போதும்.

மார்ச் 6, காலை 7.15

ஒரு சொல்லைப் பற்றி. பள்ளி இயற்பியலில் காந்தப் பாடத்தில் "தயக்கம்" என்று படித்திருப்பீர்கள். காந்தப்புலத்தை விலக்கிய பிறகும் இரும்பு தன் காந்தத்தன்மையை விடத் தயங்குவது. அதே சொல்லை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தச் செல்லும் தயங்குகிறது.

2004-இல் ஓஸ்புதாக், முகுந்த் தட்டை, வான் ஔதனார்டன் முதலானோர் செய்த சோதனையில், இருட்டாக இருந்த செல்களைத் திறக்க டிஎம்ஜி சுமார் 30 மைக்ரோமோலாருக்கு மேல் தேவைப்பட்டது. ஏற்கெனவே பச்சையாக இருந்த செல்களை அணைக்க 3 மைக்ரோமோலாருக்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட அளவில் செல் எந்த நிலையில் இருக்கும்? அதன் கடந்தகாலத்தைக் கேட்க வேண்டும். டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, வளர்ப்பு ஊடகம் ஒன்றேதான். ஆனாலும் பாட்டி எப்படி வாழ்ந்தாள் என்பது பேத்தியின் நிறத்தில் தெரிகிறது. நோவிக்கும் வெய்னரும் இதையும் பார்த்திருந்தார்கள். திறந்த செல்களைக் குறைந்த டிஎம்ஜிக்கு மாற்றினால் அவை பல தலைமுறைகள் திறந்தே இருந்தன.

அந்த 2004 கட்டுரையை நான் முதலில் படித்த இரவு தூங்கவில்லை. நினைவு என்பதற்கு மூளை தேவையில்லை, ஒரு எஸ் வளைவும் ஒரு நேர்க்கோடும் போதும் என்பது அதுவரை எனக்கு ஒரு வாக்கியமாகத்தான் தெரிந்திருந்தது.

(தட்டை இப்போது பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருக்கிறார். ஒழுங்காற்று வலையமைப்புகளில் இரைச்சல் பற்றி அவரும் வான் ஔதனார்டனும் 2001-இல் எழுதியது கணக்காகப் படிக்க நல்லது.)

மார்ச் 6, இரவு 10.05

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு நிலைகள் உண்டு என்பது சரி. ஒரே குடுவையில், எல்லாம் இருட்டிலிருந்து தொடங்கிய செல்களில், ஏன் சில மட்டும் பச்சைக்குத் தாவின? சமன்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே பாதையைத்தானே சொல்லும்?"

மிகச் சரியான கேள்வி. இதற்கு முன்னால் என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். "இரைச்சல் என்று ஒதுக்க வேண்டாம்" என்றேன். ஒதுக்க வேண்டாம் என்பது சரி, இரைச்சலுக்கு இதில் பங்கில்லை என்ற தொனியில் எழுதியது தவறு. இரண்டு பள்ளங்களை வெட்டியது பின்னூட்டம். எந்தச் செல் எப்போது ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்குத் தாவும் என்பதை முடிவு செய்வது இரைச்சல்தான். இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் படம்.

ஈ.கோலையின் கொள்ளளவு ஏறக்குறைய 1 ஃபெம்டோலிட்டர். அந்த அளவில் 1 நானோமோலார் என்பது 0.6 மூலக்கூறு. இதை ஒருமுறை கையால் பெருக்கிப் பாருங்கள். "ஒடுக்கியின் செறிவு" என்று நாம் சமன்பாட்டில் எழுதும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது செல்லுக்குச் சுமார் 10 நான்மடிப் புரதங்கள் (நான்கு அலகுகள் சேர்ந்தவை). 10 பேர் இருக்கும் அறையில் மக்கள் அடர்த்திக்கு வகைக்கெழு எடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் எழுந்து வெளியே போவதே பெரிய நிகழ்ச்சி.

மார்ச் 7, காலை 6.30

தொடர்ச்சி. அந்த ஒருவர் எழுந்து போவதைப் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். சன்னி ஷீயின் குழு, 2008. பெர்மியேஸோடு ஒளிர்புரதத்தை இணைத்து, ஒவ்வொரு மூலக்கூறாக எண்ணினார்கள்.

ஒடுக்கி நான்மடிப் புரதம். அதற்கு 2 கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவில் 2 இடங்களைப் பிடித்து நடுப்பகுதியை வளையமாக மடக்கி வைக்கிறது. ஒரு கை மட்டும் நழுவினால், சட்டென்று மீண்டும் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் ஓரிரு பெர்மியேஸ் மட்டும் கசியும். எப்போதாவது இரண்டு கைகளும் விட்டுவிட்டால், திரும்பி வந்து பிடிக்க நேரமாகும். அதற்குள் பெர்மியேஸ் கொத்தாக உருவாகிவிடும். நூற்றுக்கணக்கில் பெர்மியேஸ் சேர்ந்தால்தான் சுழற்சி தன்போக்கில் ஓடத் தொடங்கும், ஒரு கைநழுவல் அதற்குப் போதாது. ஆக, ஒரே ஒரு புரதம் ஒரே ஒருமுறை இரு கைகளையும் விட்டதால் ஒரு செல்லின் வாழ்க்கை மாறுகிறது. அதன் பேரப்பிள்ளைகளின் வாழ்க்கையும்.

இதைக் கணினியில் செய்ய கில்லெஸ்பி 1970-களில் கொடுத்த வழி இருக்கிறது. நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டாதீர்கள். இந்த நொடியில் நடக்கக்கூடிய வினைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் நடக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, 2 தற்செயல் எண்களை எடுங்கள். அடுத்த வினை எப்போது என்பதை ஒன்று சொல்லும், எந்த வினை என்பதை மற்றது சொல்லும். வினையை நடத்துங்கள், எண்ணிக்கையைத் திருத்துங்கள், மறுபடியும் எடுங்கள். அவ்வளவுதான். இதை 1,000 செல்களுக்கு ஓட்டினால் உங்கள் நுண்ணோக்கிப் படம் திரையில் வரும். வளையத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒடுக்கிக்கு "பிடித்திருக்கிறது", "விட்டுவிட்டது" என 2 நிலைகள் மட்டும் வைத்தால் கசிவும் கொத்தும் ஒரே அளவுகோலில் வந்துவிடும். "ஒரு கை மட்டும்" என்ற மூன்றாவது நிலை வேண்டும்.

மார்ச் 9, மாலை 4.40

வேறு இடத்தில் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே பதிகிறேன், ஏனென்றால் அது என்னைத் திருத்துகிறது. முந்தைய குறிப்புகளைப் படித்த யாரும், "பால் கிடைத்ததும் குடலில் ஈ.கோலை இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது" என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படி எழுதவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

டிஎம்ஜி செயற்கைப் பொருள். செல் அதை உடைக்காது, உண்ணாது. உள்ளே வந்தது உள்ளேயே தங்கி, ஒடுக்கியை விலக்கிக்கொண்டே இருக்கும். லாக்டோஸ் அப்படி இல்லை. முதலில், ஒடுக்கியோடு ஒட்டுவது லாக்டோஸே இல்லை, அதிலிருந்து பீட்டா காலக்டோசிடேஸ் உருவாக்கும் அல்லோலாக்டோஸ். இரண்டாவது, அதே நொதி லாக்டோஸையும் அல்லோலாக்டோஸையும் உடைத்துத் தின்றும் விடுகிறது. ஓப்பரான் திறக்கத் திறக்க, இழுக்கும் கையும் பெருகுகிறது, தின்னும் வாயும் பெருகுகிறது. நேர்ப் பின்னூட்டத்தோடு எதிர்ப் பின்னூட்டமும் சேர்ந்துவிட்டது. 2004 சோதனையிலேயே லாக்டோஸைக் கொடுத்தபோது அந்த இரட்டை நிலை தென்படவில்லை.

இதனால் டிஎம்ஜி சோதனைகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சுழற்சியை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க டிஎம்ஜி உதவுகிறது. மருத்துவர் ஒரு நாடியைப் பார்ப்பது போல. ஆனால் நாடியைப் பார்த்து நோயாளியின் குணத்தைச் சொல்லக் கூடாது. உங்கள் ஆய்வேட்டில் "டிஎம்ஜியில்" என்ற சொல் முடிவுரையிலும் இருக்க வேண்டும்.

மார்ச் 9, இரவு 8.10

தயிர் பற்றிக் கேட்டவருக்கு: உறை ஊற்றும்போது நடப்பதற்கு இந்த மாதிரியைத் தூக்கிப் போட முடியாது. தயிர்த் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் லாக்டோஸை உள்ளே எடுக்கும்போது பண்டமாற்று செய்கிறது. ஒரு லாக்டோஸ் உள்ளே, ஒரு காலக்டோஸ் வெளியே. வேறு கதவு, வேறு ஆள். வலையமைப்பின் வரைபடம் மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மார்ச் 12, இரவு 11.55

இரண்டு நாள் யோசித்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் "கோடு புள்ளிகளின்மேல் அச்சாக உட்காருகிறது" என்ற வரிதான் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது வேறொரு பாக்டீரியாவின் ஒழுங்காற்றுச் சுற்றுக்கு மாதிரி செய்தேன். 23 அளபுருக்கள், அதாவது தரவுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் எண்கள். தரவுப் புள்ளிகள் 14. தேடல் நிரல் 3 நாள் ஓடி ஒரு தொகுப்பைக் கொடுத்தது, கோடு அழகாகப் பொருந்தியது. அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். ஒரு மாதம் கழித்து மின்தடையால் கோப்பு போய்விட, மறுபடியும் ஓட்டினேன். இம்முறையும் கோடு அதே அழகு. அளபுருக்களைப் பார்த்தேன். ஒரு புரதம் சிதையும் வேகம் முன்பைவிட 40 மடங்கு. ஒட்டும் வலிமை ஒன்று நேர்மாறாகக் கவிழ்ந்திருந்தது. இரண்டு தொகுப்புகளும் ஒரே கோட்டை வரைந்தன. இரண்டில் எது என் செல்? இரண்டுமே இல்லை என்று பிறகு தெரிந்தது: ஆய்வகத்தில் பக்கத்து மேசைத் தோழி ஒரு மரபணுவை நீக்கிய செல்லை வளர்த்துக் காட்டினாள், இரண்டு மாதிரிகளும் உயரும் என்றன, அது இறங்கியது. அந்த அச்சுப் படத்தைக் கிழித்தபோது அழுதேன். ஒன்றரை ஆண்டு உழைப்பு.

எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 2007-இல் குட்டன்குன்ஸ்டும் செத்னாவின் குழுவினரும், வெளிவந்த 17 உயிரமைப்பு மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, எல்லாவற்றிலும் இதே தளர்ச்சி இருப்பதைக் காட்டினார்கள். ஒருசில அளபுருச் சேர்க்கைகள் மட்டுமே மாதிரியின் நடத்தையை இறுக்கிப் பிடிக்கின்றன. மற்றவற்றைப் பல மடங்கு மாற்றினாலும் கோடு அசையாது. அவர்கள் இதிலிருந்து எடுத்த முடிவு நம்பிக்கையானது: அளபுருக்களைத் துல்லியமாக அறியாமலே நல்ல முன்கணிப்புகள் சொல்ல முடியும். நான் எடுத்த முடிவு கொஞ்சம் கடுமையானது. பொருத்தப் பயன்படுத்திய தரவிலேயே மாதிரி பொருந்துவதை இனி எவரும் எனக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம். நீக்கிய மரபணு, மாற்றிய தொடக்கநிலை, புதிய ஊடகம், இவற்றில் ஒன்றையாவது முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போங்கள்.

மார்ச் 13, காலை 7.00

நேற்றிரவு எழுதியது கடுமையாக இருக்கிறது என்கிறார்கள். குறைக்க மாட்டேன், ஆனால் ஒரு நல்ல உதாரணம் சேர்க்கிறேன். 2004-இல் டைசன், நோவாக் குழுவினர் வெளியிட்ட ஈஸ்ட் செல்சுழற்சி மாதிரி. 131 மரபணுத் திரிபுகளின் நடத்தையோடு ஒப்பிட்டார்கள், 120-இல் ஒத்துப்போனது. ஒவ்வாத 11-ஐயும் மறைக்காமல் வெளியிட்டார்கள். நான் அந்த 11-ஐத்தான் முதலில் படித்தேன். வரைபடத்தில் எந்தக் கோடு விடுபட்டிருக்கக்கூடும் என்பது அங்கேதான் தெரியும்.

மார்ச் 13, பிற்பகல் 2.20

"அளபுரு இவ்வளவு தொல்லை என்றால் அளபுருவே இல்லாமல் செய்யலாமே?" செய்யலாம். கௌஃப்மன் 1969-இலேயே அந்த வழியைத் திறந்தார். ஒவ்வொரு மரபணுவும் 0 அல்லது 1. யார் யாரைத் திறக்கிறார், யார் யாரை அடைக்கிறார் என்ற விதிகள் மட்டும். இதே ஈஸ்ட் சுழற்சியை 2004-இல் சீனக் குழு ஒன்று 11 கணுக்களாகச் சுருக்கியது. 2-இன் 11-ஆம் அடுக்கு, ஆக 2,048 நிலைகள். எல்லாவற்றிலிருந்தும் தொடங்கிப் பார்த்தார்கள். 1,764 நிலைகள் ஒரே இடத்தில் போய் முடிந்தன, செல் அடுத்த பிரிதலுக்குக் காத்திருக்கும் ஓய்வுநிலையில். எங்கே மழை பெய்தாலும் ஒரே ஏரிக்கு வரும் நீர்ப்பிடிப்புப் பகுதி மாதிரி. ஓர் எண்கூட அளக்காமல் இவ்வளவு கிடைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் உங்கள் கேள்விக்கு அது உதவாது. 0, 1 மட்டும் இருந்தால் இரண்டு நிலைகளை நாமே உள்ளே வைத்து நாமே வெளியே எடுக்கிறோம். 30-க்கும் 3-க்கும் இடையே உள்ள தயக்கத்தை அது சொல்லாது.

மார்ச் 16, இரவு 9.30

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் திரும்பி வருவேன்.

2000 ஜனவரியில் ஒரே இதழில் 2 கட்டுரைகள் வந்தன. கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் ஒன்றையொன்று ஒடுக்கும் 2 மரபணுக்களால் ஈ.கோலைக்குள் ஒரு சுவிட்சைக் கட்டினார்கள். எலோவிட்ஸும் லெய்ப்லரும் லாக்-ஐ, டெட்-ஆர், சி-ஐ என்ற 3 ஒடுக்கிகளை வட்டமாகக் கோத்து ஒரு கடிகாரத்தைக் கட்டினார்கள். இரண்டு குழுக்களும் முதலில் சமன்பாடு எழுதினார்கள், பிறகு டிஎன்ஏவை ஒட்டினார்கள். கடிகாரம் ஓடியது, ஆனால் தள்ளாடியது. ஏறத்தாழ 40 விழுக்காடு செல்கள்தாம் தெளிவாக ஏறி இறங்கின, சகோதரிச் செல்கள் விரைவிலேயே ஒன்றையொன்று விட்டு விலகின. 2016-இல் பால்சன் குழுவினர் அதே கடிகாரத்தை எடுத்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டுச் சில மாற்றங்கள் செய்தார்கள். புரதங்களை விரைவாகச் சிதைக்க வைத்திருந்த வால்களை வெட்டினார்கள். டெட்-ஆர் வந்து ஒட்டிக்கொள்ளும் பொய் இடங்களைச் சேர்த்தார்கள். குடுவை முழுவதும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக மங்கியது.

பொய் இடங்கள். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். 2004 லாக் சோதனையிலும் லாக்-ஐ ஒட்டிக்கொள்ளும் பொய் இடங்களைச் செல்லுக்குள் நுழைத்தார்கள். அங்கே என்ன ஆயிற்று? ஒடுக்கிகள் பொய் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ள, அடைப்பு தளர்ந்தது, சுவிட்ச் மறைந்து படிப்படியான ஏற்றம் வந்தது. நாம் மார்ச் 5-இல் போட்ட 9 என்ற எல்லைக்குக் கீழே விகிதத்தை இறக்கிவிட்டார்கள். ஒரே தந்திரம், ஒரு வலையமைப்பில் நினைவை அழிக்கிறது, இன்னொன்றில் தாளத்தை நிலைப்படுத்துகிறது. பாகத்தைப் பார்த்து விளைவைச் சொல்ல முடியாது, கோத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும், கோத்ததைக் கணக்காக எழுத வேண்டும். வாயால் வாதிட்டு இந்த இரண்டு விளைவுகளையும் முன்கூட்டிச் சொல்லக்கூடியவரை நான் சந்தித்ததில்லை.

மார்ச் 18, காலை 6.40

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பெர்மியேஸைச் சமன்பாட்டில் சேருங்கள். வெளி டிஎம்ஜி 10 மைக்ரோமோலாரில் வைத்து, மாதிரி என்ன சொல்கிறது என்று தேதியிட்டு எழுதிக் கையொப்பமிடுங்கள். பிறகு 2 குடுவைகள். ஒன்றில் இரவு முழுவதும் அதிக டிஎம்ஜியில் இருந்து பச்சையான செல்கள், மற்றதில் டிஎம்ஜியே காணாத செல்கள். இரண்டையும் நன்றாகக் கழுவி, ஒரே 10 மைக்ரோமோலார் ஊடகத்துக்கு மாற்றி, சுமார் 20 மணி நேரம். செல்களை மிக நீர்த்த நிலையில் தொடங்குங்கள், கூட்டம் சேர்ந்தால் ஊடகமே மாறிவிடும். குளுக்கோஸ் வேண்டாம், அது பெர்மியேஸின் வாயை அடைத்துவிடும். ஒளி அளவியைத் தொடாதீர்கள். நேராக நுண்ணோக்கி.

மார்ச் 18, காலை 6.55

கழுவும்போது 3 முறை கழுவுங்கள். ஒட்டியிருக்கும் டிஎம்ஜி தயக்கம் போலவே வேடமிடும். இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

மார்ச் 24, இரவு 10.15

படங்களைப் பார்த்தேன். இரண்டு குடுவை, ஒரே ஊடகம், ஒன்று ஏறக்குறைய முழுப் பச்சை, மற்றது ஏறக்குறைய முழு இருட்டு. நீங்கள் 18-ஆம் தேதி எழுதி வைத்த கணிப்பும் அதுவே. அந்தத் தாளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள்.

இருட்டுக் குடுவையில் 9 செல்கள் பச்சையாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். கழுவியதில் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கழுவாத டிஎம்ஜி என்றால் எல்லாச் செல்லுக்கும்தான் கிடைத்திருக்கும். அந்த 9-ஐ வெட்டிவிடாதீர்கள்.

மார்ச் 25, காலை 6.20

மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது படம், வலது மேல் மூலையில், இப்போதுதான் பிரிந்து இன்னும் முனை ஒட்டிக்கொண்டிருக்கும் 2 செல்கள். ஒன்று பச்சை ஏறத் தொடங்கியிருக்கிறது, சகோதரி இருட்டு. அந்தக் குடுவை இன்னும் இருந்தால் ஒரு துளி எடுத்து அகார் வில்லையில் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒரு படமாக 6 மணி நேரம் எடுங்கள். நான் இன்று மாலை மூன்று நிலை ஒடுக்கியோடு 1,000 செல்களை ஓட்டி, இந்த 9 எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். என் எண்ணை நீங்கள் படம் எடுத்து முடிக்கும் முன்பே இங்கே எழுதிவிடுவேன்.